லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) ஆங்கிலேயப் படை அதிகாரி. தென்னிந்தியக் கோயில்களையும் கோட்டைகளையும் ஒளிப்படங்களாகப் பதிவு செய்த முன்னோடிகளுள் ஒருவர். மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய இடங்களில் இவர் எடுத்த படங்கள் அவ்விடங்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோற்றத்தை அறிவதற்கு முதன்மையான சான்றுகளாக விளங்குகின்றன. ஒளியை அளக்கும் கருவி எதுவும் புழக்கத்தில் இல்லாத காலத்தில், ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் ஒளி தேவை என்பதைக் கண்ணாலும் பழக்கத்தாலும் மட்டுமே இவர் கணித்தார்.

இளமையும் பயிற்சியும்

டிரைப் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள டெவன்போர்ட்டில் பிறந்தார். 1838 இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, தென்னிந்தியாவில் பணியாற்றினார். 1850 இல் விடுப்பில் தாயகம் சென்றவர், உடல்நலக் குறைவு காரணமாக 1854 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. ஒளிப்படக் கலையை இவர் கற்றது இந்த இடைவெளியில்தான். 1853 இல் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார்.

1854 சூனில் கேப்டன் பதவியுடன் பெங்களூர் திரும்பினார். அவ்வாண்டு திசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855 இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் இவருடைய 68 படங்கள் வைக்கப்பட்டுப் பாராட்டுப் பெற்றன.

ஒளியைக் கணித்த முறை

டிரைப் பெரும்பாலும் கையாண்டது, பிரான்சு நாட்டின் குசுதாவ் லெ கிரே 1851 இல் வெளியிட்ட மெழுகுத் தாள் முறையாகும். மெல்லிய தாளில் மெழுகேற்றி, அயோடைடு உப்பில் நனைத்து உலர்த்தி, பின்னர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டு ஒளியுணர்வு ஊட்டுவர். இத்தாளை முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் முறையில் தகடு ஈரம் உலர்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும். இந்திய வெயிலில் அது எளிதன்று. ஆகவே நெடும்பயணத்துக்குத் தாளே ஏற்றதாக இருந்தது.

தாளின் குறை அதன் மந்தத் தன்மை. ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் வில்லையைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமே அன்றைய 'ஷட்டர்'.

இன்று ஒளிமானி இல்லாமல் பிலிம் சுருளில் படமெடுப்பவருக்குக்கூட ஒரு பிடிமானம் உண்டு. தெளிந்த வெயிலில் துளையை எப்/16 இல் வைத்து, பிலிமின் வேக எண் 100 எனில் ஏறத்தாழ 1/100 நொடி ஒளி கொடுத்தால் போதும். நிழலானால் கூட்ட வேண்டும். அந்த எண் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். டிரைப்புக்கு அத்தகைய எண் கிடையாது. ஒளியுணர்வை முறையாக அளக்கும் வழியை ஹர்ட்டர், டிரிஃபீல்டு ஆகியோர் வெளியிட்டது 1890 இல்; ஒளிமின் கலம் கொண்ட மானிகள் பரவியதோ 1930களில். டிரைப்பின் தாள் அவரே தயாரித்தது; கரைசலின் செறிவு, வெப்பம், தாள் எத்தனை நாள் பழையது என்பவற்றுக்கேற்ப அதன் வேகம் மாறும். எனவே வெளிச்சத்தை மட்டுமன்றித் தாளையும் சேர்த்தே அவர் மதிப்பிட வேண்டியிருந்தது.

மேலும், அத்தாள் நீல ஒளியையே பெரிதும் உணரும். சிவப்பையும் பச்சையையும் ஏறக்குறைய உணராது. கண்ணுக்கு ஒரே அளவில் தெரியும் வானமும் தென்னந்தோப்பும் தாளில் முற்றிலும் வேறுபடும். வானத்துக்கு ஒளி மிகும்போதே இலைகள் கரும்புள்ளிகளாக நின்றுவிடும். இதனால் டிரைப் எதிர்ப்படிவத்தின் (நெகட்டிவ்) மீது தூரிகையால் வண்ணம் தீட்டி, மேகங்களையும் இலைகளின் வெளிச்சத்தையும் சேர்ப்பது வழக்கம். இதனைச் சிலர் ஓவிய வேலை என்று கருதக்கூடும். கணிப்பு எட்டாத இடத்தில் கை செய்த திருத்தம் என்பதே பொருத்தம்.

பர்மாப் பயணம்

1855 இல் ஆர்தர் பேயர் தலைமையில் பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் டிரைப் ஒளிப்படக் கலைஞராக இடம்பெற்றார். மோசமான வானிலையும் நோயும் வேலை நாட்களைக் குறைத்தன. மேகம் மூடித் திறக்கும் வானத்தின் கீழ், தொடங்கிய ஒரு படத்தின் இடையிலேயே வெளிச்சம் மாறிவிடும். ஆயினும் 200க்கும் மேற்பட்ட எதிர்ப்படிவங்களுடன் அவர் திரும்பினார். அவற்றுள் 120 தேர்ந்தெடுக்கப்பட்டு, பெங்களூரில் 50 தொகுதிகளாக அச்சிடப்பட்டன.

தமிழகத்தில்

பழஞ்சின்னங்கள் அழிவதற்குள் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்ற நோக்கில் மதராஸ் அரசு டிரைப்பைத் தன் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தியது. 1857 இறுதியில் தொடங்கிய பயணத்தில் இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களில் படமெடுத்தார். தாள் எதிர்ப்படிவங்கள் ஏறத்தாழ 15 அங்குலம் நீளமும் 12 அங்குலம் அகலமும் கொண்டவை. அவற்றைப் பெரிதாக்காமல், தாளோடு தாள் வைத்து அதே அளவில் அச்சிட்டனர்.

மதுரைப் படங்களே இவற்றுள் மிகச் சிறந்தவை எனலாம். திருமலை நாயக்கர் அரண்மனை, பின்னர் ஆளுநர் நேப்பியர் காலத்தில் செப்பனிடப்படுவதற்கு முன்பிருந்த சிதைந்த நிலையில் அவற்றில் காணப்படுகிறது. புதுமண்டபத்தின் உட்புறத்தைப் படமெடுத்தபோது அவர் எதிர்கொண்ட சிக்கல் வேறு. தூண்களின் நிழலுக்கேற்ப நேரம் கொடுத்தால் வெயில் படும் இடங்கள் வெளுத்துப்போகும். வெயிலுக்கேற்பக் குறைத்தால் சிற்பங்கள் இருளில் மறையும். டிரைப் பெரும்பாலும் நிழலின் பக்கமே நின்றார். அப்படங்களில் தூண் சிற்பங்கள் துலங்குவது அதனால்தான்.

நெடுநேரம் ஒளிபட்டதால் நடமாடிய மனிதர்கள் தாளில் பதியவில்லை. கூட்டம் மிகுந்த கோயில்கள் இவர் படங்களில் ஆளரவமற்றுத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். தெப்பக்குளத்தின் அலைகள் மறைந்து நீர் கண்ணாடிபோல் தெரிவதும் இதனாலேயே.

தஞ்சைக் கல்வெட்டுப் படம்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளை டிரைப் தனித்தனியாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஒரு படத்தில் நேரம் சற்றுக் கூடினாலும் அக்கல் அடுத்த கல்லைவிட வெளுத்துத் தெரியும், தொடர்ச்சி கெடும். கதிரவனோ நகர்ந்துகொண்டே இருக்கும். 21 எதிர்ப்படிவங்களுக்கும் ஒத்த ஒளி அமைவது என்பது, ஒரு நல்ல படம் எடுப்பதைவிடப் பன்மடங்கு கடினம். இக்கோயிலின் கல்வெட்டுகளை ஹுல்ட்சு படித்துப் பதிப்பிக்கத் தொடங்கியது 1890களில். டிரைப்பின் சுருள் அதற்கு முப்பதாண்டுகளுக்கும் முந்தையது.

இதே 1858 இல், சர் வால்டர் எலியட் அமராவதியிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்திருந்த சிற்பங்களையும் அவர் படமெடுத்தார். அச்சிற்பங்கள் பின்னர் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தன.

பணி நிறுத்தமும் பிற்காலமும்

1859 இல் மதராஸ் ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லசு டிரெவெலியன், 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய நிதி நெருக்கடியில் இத்துறையை ஆடம்பரச் செலவாகக் கருதி மூட ஆணையிட்டார். பெங்களூரிலிருந்த அச்சுக்கூடம் கலைக்கப்பட்டது. டிரைப் பணியின் உச்சத்தில் இருந்தபோது இது நிகழ்ந்தது.

அதன்பின் அவர் மிக அரிதாகவே படமெடுத்தார். படைப்பணியில் தொடர்ந்து, 1870களில் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பினார். 1902 இல் டெவன்போர்ட்டில் காலமானார். அவருடைய படங்கள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் முதலியவற்றில் பாதுகாக்கப்படுகின்றன. 2014–2015 இல் வாசிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களில் நடைபெற்ற தனிக் கண்காட்சியில் தஞ்சைக் கோயிலும் மதுரை அரண்மனையும் மீண்டும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன.