ஒரே ராத்திரியில் உருவான ‘பிங்’... யார் இந்த மைக் மூஸ்? நெட்வொர்க் அலர்ட்டுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

சென்ட்ரலில் இருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயில். அம்பத்தூர் பக்கம் சிக்னல் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவடியில் வண்டி வரலை. இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் வரலை, பட்டாபிராமில் வரலை, நெமிலிச்சேரியிலும் வரலை. புகார் நாலு ஸ்டேஷனில் இருந்து போகும். ஆனா கோளாறு ஒண்ணுதான்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலும் இதே கதைதான். 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. இந்த மாதிரி பெரிய கட்டடங்களில் மாடிக்கு மாடி ஸ்விட்ச், வைஃபை, கேமரா என்று நூற்றுக்கணக்கான கருவிகள் இருக்கும். அவை உயிரோடு இருக்கின்றனவா என்று கண்காணிப்பு மென்பொருள் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அது கேட்கும் முதல் கேள்வி: இருக்கியா? அந்தக் கேள்வியை ஒரு புரோகிராமாக எழுதியவர் மைக் மூஸ். இறந்து 25 வருடங்களுக்கு மேல் ஆகிறது.

யார் இவர்?

1958 அக்டோபர் 16-ல் அமெரிக்காவின் அயோவா சிட்டியில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்து 1979-ல் பட்டம் பெற்றார். கல்லூரி நாட்களிலேயே சோனார், ரேடார் பற்றி நிறைய வேலை செய்தார். பிறகு மேரிலாந்தில் உள்ள அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஆவடிக்காரர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல, பீரங்கி வண்டி தயாராகும் ஊர் அது. மூஸின் பெரிய வேலையும் அந்தப் பக்கம்தான். ராணுவ வாகனங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வடிவமைத்து ஆராயும் ‘பிஆர்எல்-கேட்’ மென்பொருளின் மூல சிற்பி அவர்.

அந்த டிசம்பர் ராத்திரி

1983 ஜூலையில் நார்வேயில் ஒரு கூட்டம். டேவிட் மில்ஸ் என்ற நெட்வொர்க் நிபுணர், ஒரு கம்ப்யூட்டருக்குச் சின்ன எதிரொலிச் செய்தி அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பதைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு மூஸின் மனதில் தங்கிவிட்டது.

டிசம்பரில் ஆய்வகத்தின் நெட்வொர்க் விசித்திரமாக நடந்துகொண்டது. மூஸ் உட்கார்ந்து மளமளவென்று ஒரு புரோகிராம் எழுதினார். எழுதியதும் ஓடவில்லை. அவருடைய கம்ப்யூட்டரின் இயங்குதளத்துக்கு அந்த வகைச் செய்தியை அனுப்பவே தெரியாது. கோபத்தில் அதற்கான பகுதியையும் தானே எழுதிச் சேர்த்தார். விடிவதற்குள் எல்லாம் தயார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனாரின் ‘பிங்’ சத்தத்தையே பெயராக வைத்தார். அதற்கு நீளமான விரிவாக்கம் எல்லாம் பிற்பாடு வந்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை. முதல் பிங் கிளம்பும் முன்பே சக ஊழியர் ஒருவர் பழுதான சாதனத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்! எந்தப் பிரச்சினைக்காக பிங் பிறந்ததோ, அதற்கு அது பயன்படவே இல்லை.

பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. அடிக்கடி அறுந்துபோகும் நெட்வொர்க்கோடு போராடிய ஒருவர், பிங்கைக் குரல் புரோகிராமோடு இணைத்து, ஸ்பீக்கரை அலறவிட்டாராம். நொடிக்கு ஒருமுறை பிங், பிங் என்று சத்தம். அவர் கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தார். எங்கே ஆட்டியதும் சத்தம் நின்றதோ, அங்கே பழுது. ஒரு மாநாட்டில் கேட்ட இந்தக் கதை மூஸுக்கு ரொம்பப் பிடித்தமானது.

பதில் வரவில்லை என்றால் செத்துவிட்டதா?

இங்கேதான் சிக்கல். பதில் வரவில்லை என்று மட்டும்தான் பிங் சொல்லும். அந்தக் கருவி நின்றுபோனதா, இல்லை போகிற வழி அடைபட்டதா என்று அதற்குத் தெரியாது. ஃபயர்வால் தடுத்தாலும் பதில் வராது.

ஒரு மாடியின் முதன்மை ஸ்விட்ச் நின்றது என்றால், அதற்குப் பின்னால் இருக்கும் 40 கருவிகளும் மௌனமாகிவிடும். ராத்திரி ஷிஃப்டில் இருப்பவரின் போனில் 41 அலர்ட். உண்மையான ஒன்று அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும்.

இதற்காகத்தான் சார்பு என்ற ஏற்பாடு. எந்தக் கருவி எதன் வழியாக இணைகிறது என்று மென்பொருளுக்கு முன்பே சொல்லிவைப்பது. 1999-ல் வேறு பெயரில் தொடங்கிய நாகியோஸ் போன்ற மென்பொருட்களில், தாய்க் கருவி நின்றால் அதற்கு மட்டும் ‘டவுன்’ நிலை. பின்னால் இருப்பவை ‘எட்ட முடியவில்லை’ என்று தனியாகக் குறிக்கப்படும். இரண்டு பாதை உள்ள கருவிக்கு இரண்டு தாய்களையும் பதிய வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் கணக்கு தப்பும்.

அப்டேட் செய்யும்போது பலர் கோட்டைவிடுவது இதில்தான். புதிய பதிப்பு சத்தமில்லாமல் ஓடும், திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும். ஆனால் சார்புப் பட்டியல் பழைய பதிப்போடு போயிருக்கலாம், அல்லது கருவியின் அடையாள எண் மாறித் தவறான தாயோடு சேர்ந்திருக்கலாம். அடுத்த பழுது வரும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் அப்டேட்டுக்கு முன்பே அந்தப் பட்டியலைத் தனியாக எடுத்து வையுங்கள். முடிந்ததும் ஒப்பிடுங்கள். எல்லோருக்கும் சொல்லிவிட்டு ஒரு ஸ்விட்ச் இணைப்பை வேண்டுமென்றே கழற்றிப் பாருங்கள். ஒரு அலர்ட் வந்தால் சரி. 41 வந்தால் பட்டியல் போயிருக்கிறது என்று அர்த்தம். எதுவுமே வரவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

கடைசி நாள்

தன் வாழ்க்கையிலேயே அதிகம் பேசப்படப்போவது பிங்தான் என்று முன்பே தெரிந்திருந்தால், இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக உழைத்திருப்பேன் என்ற பொருளில் மூஸ் பின்னாளில் எழுதினார். 2000 நவம்பர் 20-ல் நெடுஞ்சாலை விபத்தில் இறந்தார். வயது 42. பிஆர்எல்-கேட் 2004-ல் எல்லோருக்கும் திறந்த மென்பொருளாக வெளியானது. அதை அவர் பார்க்கவில்லை.