மென் தொடுவில்லையின் தந்தை ஒட்டோ விக்டர்லே

கொன்டக்ட் லென்ஸ் எனப்படும் தொடுவில்லையை மென்மையாக்கித் தந்தவர் ஒட்டோ விக்டர்லே. இவர் 1913 ஒக்டோபர் 27 இல் இன்றைய செக் குடியரசில் பிறந்தார். பிராக் நகரில் இரசாயனவியல் கற்றார். 1939 இல் நாசிகள் பல்கலைக்கழகங்களை மூடினர். 1942 இல் இவரைச் சிறையிலும் அடைத்தனர். 1958 இல் கம்யூனிச ஆட்சியில் பேராசிரியர் பதவியும் பறிபோயிற்று.

அக்காலத் தொடுவில்லைகள் கடினமானவை, கண்ணை உறுத்தின. நீரை உறிஞ்சி மென்மையாகும் பல்பகுதியம் ஒன்றை இவரும் லிம் என்பவரும் ஆக்கினர். ஆயினும் வில்லை ஆய்வுக்கு அரச ஆதரவு நின்றுபோனது. விக்டர்லே சளைக்கவில்லை. 1961 நத்தார் காலத்தில் வீட்டிலேயே பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் பொருத்திச் சுழலும் அச்சொன்றை அமைத்தார். அச்சிலிட்ட திரவம் சுழன்று இறுகி வில்லையாயிற்று. விளையாட்டுப் பொருளில் பிறந்த இயந்திரம்!

மாணவர்களே, நீரை உறிஞ்சும் இவ்வியல்பே ஆபத்தையும் தரும் என்பதைக் கவனிக்க. குழாய் நீரில் கழுவினால் அமீபா போன்ற நுண்ணங்கிகள் வில்லையில் தங்கிப் பார்வையையே பறிக்கலாம். ஆகவே கைகளைக் கழுவி, ஈரம் துடைத்த பின்னரே வில்லையைத் தொடுதல் வேண்டும். அதற்குரிய கரைசலிலேயே இடுதல் வேண்டும். பழைய கரைசலை மீளப் பயன்படுத்தலாகாது. மூடிய கண்ணுக்கு ஒட்சிசன் குறைவாதலால் அணிந்தபடி உறங்குவதும் தவறு. கண் சிவந்தால் உடனே கழற்றி வைத்தியரை நாடுக.

1971 இல் அமெரிக்கா இவ்வில்லையை அனுமதித்தது. இலாபத்தில் பெரும்பங்கு பிறருக்கே போயிற்று. 1968 இன் சீர்திருத்தங்களை ஆதரித்தமையால் விக்டர்லே பணிப்பாளர் பதவியையும் இழந்தார். ஆட்சி மாறியபின் 1990 இல் செக்கோசிலோவாக்கிய விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். 1998 ஓகஸ்ட் 18 இல் காலமானார்.