ஒரே பாடத்தை விடாமல் நடத்திய ஆசிரியர்

இந்தோனேசியாவில் ஜாவா தீவின் பழைய நகரம் யோக்யகார்த்தா. அங்கே சுல்தானின் பெரிய பள்ளிவாசலை ஒட்டி இருக்கிறது, கவுமான் என்ற பகுதி. 1868-ம் ஆண்டு அங்கே பிறந்தவர் அகமது தஹ்லான். பெற்றோர் வைத்த பெயர் முகமது தர்விஷ். தந்தை அந்தப் பள்ளிவாசலின் கதீப்.

1883-ல் மெக்காவுக்குப் போனார். ஐந்து ஆண்டுகள் படித்து, புதுப் பெயருடன் ஊர் திரும்பினார். தந்தைக்குப் பிறகு அவரும் கதீப் ஆனார். பிழைப்புக்குப் பாத்திக் துணி வியாபாரம்.

இடிக்கப்பட்ட தொழுகைக் கூடம்

ஊரார் மேற்கு நோக்கித் தொழுது வந்தார்கள். ஜாவாவில் இருந்து பார்த்தால் மெக்கா வடமேற்கே சற்றுச் சாய்ந்து இருக்கிறது. கணக்குப் போட்டு இதைச் சொன்னார் தஹ்லான். பெரியவர்கள் ஏற்கவில்லை. அவர் தன் சிறு தொழுகைக் கூடத்தைச் சரியான திசையில் கட்டினார். தலைமை மதகுருவின் உத்தரவால் அது இடிக்கப்பட்டது. மனம் நொந்து ஊரை விட்டே புறப்பட்டவரை உறவினர்கள் தடுத்தார்கள். கூடம் மீண்டும் எழுந்தது.

ஏழு வசனங்கள்

அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு அவர் குர்ஆன் பாடம் நடத்துவார். ஒரு சமயம் 107-வது அத்தியாயமான அல்-மாஊனை எடுத்தார். மொத்தம் ஏழே வசனங்கள். அநாதையை விரட்டுகிறவனையும், ஏழைக்கு உணவிடத் தூண்டாதவனையும், பிறர் பார்க்கத் தொழுகிறவனையும் கண்டிக்கும் அத்தியாயம் அது.

மறுநாளும் அதே பாடம். அடுத்த நாளும் அதே பாடம். மாணவர்கள் பொறுமை இழந்தார்கள். எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டதே, அடுத்ததற்குப் போகலாமே என்று ஒருவர் கேட்டார். இதைச் செய்து பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்டார் தஹ்லான். தொழுகையில் தினமும் ஓதுகிறோம் என்றார்கள். அவர் கேட்டது அது அல்ல.

கடைத்தெருவுக்குப் போய் ஏழைகளையும் அநாதைகளையும் தேடி அழைத்து வரச் சொன்னார். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, நல்ல உடை உடுத்தி, சாப்பாடு போடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அடுத்த பாடம்.

ரெயிலில் வந்தவர்

1911-ல் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார். பெஞ்சும் கரும்பலகையும் வைத்தார். வெள்ளைக்காரன் வழி என்று ஏசினார்கள். மகெலாங் ஊரில் இருந்து ஒரு மார்க்க அறிஞர் வந்து இதைக் கண்டித்தாராம். எப்படி வந்தீர்கள் என்று கேட்டார் தஹ்லான். ரெயிலில் என்றார் வந்தவர். ரெயிலும் வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுதானே என்றதும் அவர் வாய் அடைத்துப் போனார் என்று சொல்வார்கள்.

1912 நவம்பர் 18-ல் முகமதியா இயக்கத்தைத் தொடங்கினார். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாதபோது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டாராம். மனைவி சித்தி வாலிதா பெண்களுக்குப் பாடம் நடத்தினார். 1917-ல் ஆயிஷியா என்ற பெண்கள் அமைப்பு உருவானது.

1923 பிப்ரவரி 15-ல் ஏழைகளுக்கு ஒரு மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. எட்டாவது நாள், 23-ந்தேதி, தஹ்லான் காலமானார். 1961-ல் இந்தோனேசிய அரசு அவரைத் தேசிய வீரராக அறிவித்தது.

இன்று முகமதியாவுக்கு ஆயிரக்கணக்கான பள்ளிகளும், நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஏழு வசனங்களை ஓதியதோடு நிறுத்தாமல், செய்தும் பார்த்ததன் பலன் இது.