வான்படைத் தலைவர் லீ-மல்லரி

1944-ஆம் வருஷம் ஜூன் மாதம் 6-ஆம் தேதி பிரான்ஸ் தேசத்து நார்மண்டிக் கரையின்மேற் பறந்த நேச நாட்டு ஆகாய விமானங்கள் பலவற்றின் சிறகுகளிலும் உடலிலும் வெள்ளை மூன்றும் கறுப்பு இரண்டுமாக ஐந்து பட்டைகள் மாறிமாறித் தீட்டப்பட்டிருந்தன. போர் விமானமெனின் வானோடும் நிலத்தோடும் நிறங்கலந்து மறைந்து செல்வதன்றோ வழக்கம்? வரிக்குதிரை போல் எட்டத்திலேயே தெரியும்படி அவற்றைக் கோலஞ்செய்ய இசைந்தவர் ஸர் டிராபர்ட் லீ-மல்லரி என்பார்.

இவர் இங்கிலாந்தில் செஷயரைச் சேர்ந்த மாபர்லி என்னும் ஊரில், 1892-ஆம் வருஷம் ஜூலை 11-ஆம் தேதி, ஒரு குருவானவரின் இளைய புதல்வராகப் பிறந்தார். 1924-ல் எவரெஸ்டுச் சிகரத்தை நாடிச்சென்று மறைந்த ஜார்ஜ் மல்லரி இவருடைய தமையனார். கேம்பிரிட்ஜிற் பயின்று பாரிஸ்டராக எண்ணியிருந்த இவரை 1914-ஆம் வருஷத்து யுத்தம் சேனையிற் சேர்த்தது. 1915-ல் ஈப்ரு என்னுமிடத்தே காயமுற்றுத் தேறி, மறு வருஷம் விமானப்படை புகுந்தார். அன்று முதல் வானமே இவரது வாழ்வாயிற்று.

1940-ல் ஜெர்மானியர் இங்கிலாந்தைத் தாக்கியபோது, பல படைப்பிரிவுகளை ஒருங்கே திரட்டி எதிர்த்தல் வேண்டுமென இவரும், சிறு பிரிவுகளை விரைந்தனுப்புதலே தக்கதென கீத் பார்க் என்பாரும் மாறுபட்டனர். பெருங்கூட்டம் திரளுமுன் பகைவர் குண்டெறிந்து மீள்வரென்ற பார்க்கின் கருத்தே எமக்கு வலியுடையதாகத் தோன்றுகிறது. எனினும் அவ்வாண்டிறுதியில் பார்க்கின் பதவி மல்லரிக்கே கிடைத்தது.

இனிப் பட்டைகளின் வரலாறு. 1943-ஆம் வருஷம் ஜூலை மாதத்து இரவொன்றில் சிசிலித் தீவுக்குத் துருப்புகளை ஏற்றிச்சென்ற 144 அமெரிக்க விமானங்களுள் 23, பெரும்பாலும் தம்மவர் பீரங்கிகளாலேயே வீழ்த்தப்பட்டன! தம்மவர் விமானத்தை அறிவிக்கும் ரேடியோக் கருவி உண்டாயினும், ஆயிரக்கணக்கான விமானங்கள் ஒரே வானில் நெருங்குங்கால் அது பயன்படாதென நிபுணர் கண்டனர். ஆகவே கண்ணாற் கண்டறியும் குறியொன்று வேண்டியதாயிற்று. படையெடுப்புக்குரிய விமானப்படைகளின் தலைவராயிருந்த மல்லரி, 1944-ஆம் வருஷம் மே 17-ஆம் தேதி அதற்கு ஒப்புதல் அளித்தார். ஒற்றை எஞ்சின் விமானங்களுக்குப் பட்டையொன்றின் அகலம் 18 அங்குலம். இரட்டை எஞ்சினுக்கு 24. நான்கு எஞ்சின் கொண்ட பெருங்குண்டு விமானங்களுக்கு இக்குறி வேண்டப்படவில்லை. அத்தகையன பகைவரிடம் மிகச் சிலவே இருந்தன.

முன்னரே தீட்டினாற் பகைவரும் அதனைப் போலியாகத் தீட்டிக்கொள்ளக்கூடும். ஆதலின் ஜூன் 3-ஆம் தேதி துருப்பு விமானங்களுக்கும், அடுத்த இரு நாட்களில் ஏனையவற்றிற்கும், பணியாளர் தூரிகை கொண்டு அவசர அவசரமாகப் பூசினர். பல பட்டைகள் கோணலாகவே அமைந்தன. ஒரு மாதத்திற்குப் பின், பிரான்சில் இறங்கி நின்ற விமானங்களை மேலிருந்து பகைவர் எளிதிற் காண்பரெனக் கருதி, மேற்புறத்துப் பட்டைகளை அழிக்குமாறு ஆணை பிறந்தது.

இத்தனை முன்யோசனையுடையவர் ஒன்றிற் பிழைத்தார். அமெரிக்கப் பாராசூட் வீரரை இறக்குவது பெருநாசமாய் முடியுமென அஞ்சி அதனைக் கைவிடும்படி ஐசன்ஹோவரை வேண்டினார். தலைவர் இசையவில்லை. சேதம் இவர் அஞ்சிய அளவில் இல்லாமை கண்டதும், தம் தவற்றைத் தாமே எழுதி ஒப்புக்கொண்டார். அவ்வுயர்பதவியிலிருந்தோர் எளிதிற் செய்யும் காரியமன்று இது.

பின்னர்த் தென்கிழக்கு ஆசிய வான்படைத் தலைமைக்கு நியமனம் பெற்றார். அப்படைகளின் தலைமை நிலையம் அக்காலை இலங்கையிற் கண்டியில் இருந்தது. 1944-ஆம் வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி மனைவியோடு புறப்பட்ட விமானம் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மோதி, அதிலிருந்த பதின்மரும் மாண்டனர். பனி உருகிய பின், 1945 ஜூனிலேயே அதன் சிதைவு கிராமவாசியொருவர் கண்ணிற்பட்டது. மல்லரி ஏற்கச்சென்ற பதவியை அதற்குள் ஏற்றிருந்தவர், அந்தக் கீத் பார்க்கே.