கூலி வாங்கியதால் பறிபோன தங்கம்

அமெரிக்கக் கால்பந்து நம் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம். அதில் பெரும்புகழ் பெற்றவர் ஜிம் தோர்ப். ஓக்லஹோமாவின் செவ்விந்தியர்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். மறு ஆண்டே பிடுங்கிக்கொண்டார்கள். குற்றம்? 1909, 1910-ல் சொற்பக் கூலிக்கு பேஸ்பால் ஆடியதுதான். மற்ற மாணவர்கள் பொய்ப் பெயரில் ஆடித் தப்பினார்கள். இவர் சொந்தப் பெயரில் ஆடி மாட்டிக்கொண்டார். 30 நாட்களுக்குள் புகார் வரவேண்டும் என்ற விதியை ஒருவரும் பார்க்கவில்லை.

1915-ல் கான்டன் புல்டாக்ஸ் அணி ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்தது. 1920-ல் தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1928-ல் ஆட்டம் நின்றது. பென்ஷனா, கிராஜுவிட்டியா? மண்வெட்டி பிடித்தார், சினிமாவில் துண்டு வேடம் போட்டார். 1953-ல் மாரடைப்பில் இறந்தார்.

பதக்கங்கள் 1983-ல் பிள்ளைகள் கைக்கு வந்தன. அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது 2022-ல்.