கசையடிக்குப் பின்னும் கற்பித்த இமாம் மாலிக்

மதீனாவின் பெரும் அறிஞர் இமாம் மாலிக் இப்னு அனஸ். இன்று கிடைக்கும் மிகப் பழைய ஹதீஸ் தொகுப்புகளில் ஒன்றான ‘முவத்தா’ அவருடையது. நபிமொழிகளோடு நபித்தோழர்களின் தீர்ப்புகளையும் மதீனா மக்களின் நடைமுறையையும் தலைப்புவாரியாக அதில் சேர்த்தார்.

வற்புறுத்திப் பெற்ற சத்தியம் செல்லாது என்பது அவரது நிலைப்பாடு. அப்பாஸிய ஆட்சிக்கு மக்கள் அளித்த விசுவாசப் பிரமாணத்தையே அது கேள்விக்குள்ளாக்கியது. ஆளுநரின் உத்தரவில் கசையடி விழுந்தது, தோள்மூட்டு விலகியது. ஆயினும் அவர் கற்பிப்பதை நிறுத்தவில்லை.

பின்னர் கலீபா அல்மன்சூர், முவத்தாவையே பேரரசு முழுவதற்கும் சட்டமாக்க விரும்பியதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். மாலிக் இணங்கவில்லை. நபித்தோழர்கள் பல ஊர்களுக்கும் பரந்து சென்றவர்கள். அவர்களிடம் அந்தந்த ஊர் மக்கள் கற்றதை அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். வற்புறுத்தலுக்கு எதிராக அடி வாங்கியவர், தன் நூலைப் பிறர்மீது திணிக்கவும் சம்மதிக்கவில்லை.

795இல் மதீனாவிலேயே காலமானார். ஜன்னத்துல் பகீயில் அடக்கம் செய்யப்பட்டார்.