இறப்பரைப் பண்படுத்திய சார்ள்ஸ் குட்இயர்

அலுவலகங்களிலே கடிதக் கட்டுக்களை இறுக்கி நிற்பது இறப்பர் பட்டி. அற்ப விலைப் பொருளாதலின் அதனை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயின், அது எமது மேசைக்கு வந்து சேர்வதற்கு ஒருவர் தம் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழக்க நேர்ந்தது. அவரே அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர்.

தென்னமெரிக்கக் காடுகளில் மரப்பாலிலிருந்து பெறப்பட்ட இறப்பரை ஐரோப்பியர் அவருக்கு முன்னரே அறிந்திருந்தனர். பென்சிற் கோடுகளைப் பாண் துண்டால் அழித்துவந்த காலத்திலே, 1770 இல், இலண்டனில் எட்வேட் நயேண் என்பார் அப்பணிக்கு இறப்பர்த் துண்டுகளை விற்றார். பாணென எண்ணி இறப்பரைத் தவறுதலாக எடுத்தமையே இதற்கு ஏதுவாயிற்று என்பர். எனினும், பச்சை இறப்பருக்குப் பெருங்குறையொன்று இருந்தது. வெப்பத்தில் அது இளகிப் பிசினாகும். குளிரில் இறுகி வெடிக்கும். இக்குறையால் அமெரிக்காவிலே இறப்பர்த் தொழிற்சாலைகள் பல நட்டமடைந்தன.

குட்இயர் 1800 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் நாள் நியூஹேவன் நகரிற் பிறந்தவர். பிலடெல்பியாவில் அவர் நடத்திய இரும்புப் பொருட்கடை 1830 இல் முறிந்தது. கடன் காரணமாகப் பன்முறை சிறை புகுந்தார். 1834 இல் நியூயோர்க்கிலே ஓர் இறப்பர்ப் பண்டகசாலையிற் கெட்டுப்போன பொருள்களின் கதையைக் கேட்டறிந்த நாள்முதல், இறப்பரின் குறையைக் களைவதே அவர் வாழ்வின் நோக்கமாயிற்று. இரசாயனக் கல்வி அவருக்கு இல்லை. மகனீசியா, சுண்ணாம்பு, நைத்திரிக்கமிலம் என ஒவ்வொன்றாக இறப்பருடன் சேர்த்துப் பார்த்தார். அவர் அரசாங்கத்துக்குச் செய்துகொடுத்த தபாற்பைகளும் வெப்பத்தில் இளகிப்போயின. வறுமை முற்றவே பிள்ளைகளின் பாடப்புத்தகங்களையும் விற்றார்.

நதானியேல் ஹேவேட் என்பாரிடமிருந்து கந்தகத்தின் பயனை அறிந்தபின், 1839 இல், மசாசூசெற்சு மாநிலத்து வூபேண் என்னும் ஊரிலே அந்நிகழ்ச்சி நடந்தது. கந்தகங் கலந்த இறப்பர்த் துண்டொன்று தற்செயலாகச் சூடான அடுப்பின்மேற் பட்டது. அது உருகியோடாது தோல்போலக் கருகியது. கருகிய பகுதியின் ஓரத்திலே, ஒட்டாததும் இழுத்தால் மீள்வதுமான ஒரு புதிய பொருளை அவர் கண்டார். வெளியே கடுங்குளிரில் வைத்துப் பார்த்தபோதும் அதன் நெகிழ்ச்சி கெடவில்லை. நீண்ட இறப்பர் மூலக்கூறுகளைக் கந்தகம் வெப்பத்தின் துணையால் ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதே இதன் காரணமென்பது பிற்கால விஞ்ஞானம் கண்ட உண்மை.

தற்செயலாய்க் கிடைத்தது ஒரு கணத்துக் காட்சி மட்டுமே. எவ்வளவு வெப்பம் வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்பதறிய மேலும் ஆண்டுகள் பல கழிந்தன. 1844 ஜூன் 15 ஆம் நாளே அவருக்கு ஆக்கவுரிமை கிடைத்தது. அதற்குள் இங்கிலாந்திலே தோமசு ஹான்கொக், குட்இயரின் மாதிரித் துண்டுகளை ஆராய்ந்து, அவருக்கு முந்தி அந்நாட்டு உரிமையை வேண்டிப் பெற்றுவிட்டார். 1845 இல் இலண்டனிலே ஸ்ரீபன் பெரி என்பார், இவ்வாறு பண்படுத்திய இறப்பரினால், காகிதங்களையும் கடிதவுறைகளையும் கட்டும் பட்டிகளைச் செய்வதற்கு உரிமை பெற்றார். நாம் இன்று கையாளும் இறப்பர் பட்டி பிறந்த கதை இதுவே.

குட்இயருக்கோ செல்வம் கிட்டவில்லை. 1852 இல் பெரும் வழக்கொன்றில் வென்றும் கடன் தீரவில்லை. 1855 இல் பாரிசு நகரிலே கடனுக்காகச் சிறையிலிருந்தபோதே பிரெஞ்சு மன்னரின் விருது அவரைத் தேடிவந்தது. 1860 ஜூலை முதலாம் நாள், நோயுற்ற மகளைக் காணச் செல்லும் வழியிலே, அவள் இறந்த செய்தி கேட்டுத் தளர்ந்து நியூயோர்க்கில் உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற கடன் ஏறக்குறைய 2,00,000 டொலர். 1898 இல் அவர் பெயரைத் தாங்கித் தோன்றிய ரயர்க் கம்பனிக்கும் அவர் குடும்பத்துக்கும் தொடர்பில்லை. பெயர் அவரது நினைவாக இடப்பட்டதே.

அவர் மறைந்து 16 ஆண்டுகளின் பின், 1876 இல், பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அணித்தாய ஹெனரத்கொடையில் நடப்பட்டன. களுத்துறை, கேகாலைப் பகுதிகளிலே பின்னர் எழுந்த தோட்டங்களுக்கு அவர் கண்டுபிடிப்பே பயன் தந்தது. இறப்பர் பண்படாதிருப்பின் அம்மரத்தை எவர் நாடியிருப்பர்?

தம் கண்டுபிடிப்பைக் குருட்டு வாய்ப்பெனக் கொள்ளக் குட்இயர் உடன்படவில்லை. அவர் கூற்று நியாயமானதே என்பது எமது துணிபு. இறப்பர் அடுப்பிற் படுவது எவர் வீட்டிலும் நிகழலாம். அதனைக் குப்பையென வீசாது கையிலெடுத்து நோக்கியவர், அதற்கு முன் ஐந்தாண்டுகள் தோல்வியிலே கண்விழித்திருந்தவர். ஆய்வுகூடத்திலே எதிர்பாராத விளைவொன்றைக் கண்டு முகஞ்சுளிக்கும் மாணவர், குறிப்புப் புத்தகத்தில் அதனை அழிப்பதற்கு முன் ஒருமுறை குட்இயரை நினைப்பாராக.